கலாஜினி தைத்த தலையணை உறை

தேற்றாத்தீவு
03.06.2025

அன்பின் விதுர்ஷா அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கலாஜினி அக்கா இருந்தவரை சிநேகிதியைப் பார்க்க மாதம் தவறாமல் வந்த நீங்கள், அவள் போனபிறகு எட்டியும் பார்க்கவில்லை. கோபம்தான். ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். போனில் கதைத்தால் அம்மா பக்கத்திலேயே நிற்பார்.

அக்காவின் வீட்டில், அக்காவின் புருசனுக்கே மனைவியாகி இருக்கிறேன். வயிற்றில் ஐந்து மாதம். காலையில் எழும்பினால் தலையணையில் இரத்தம். அக்கா பூப்போட்டுத் தைத்த அதே வெள்ளை உறை. டெங்குக் காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் அவளுடைய வாயிலிருந்தும் இப்படித்தான் வடிந்தது, நீங்களும் பார்த்தீர்கள். என் வாயில் ஒரு கெட்ட வாடை வேறு. பிரஷ் பட்டாலே இரத்தம் என்பதால் பல் தீட்டுவதையும் விட்டுவிட்டேன்.

அம்மா உறையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கொக்கா, கலாதான் வந்து நிக்கிறா. புள்ளயக் கேக்கிறா."

கழிப்புச் செய்து அவளை அனுப்பிவிடப் பூசாரியாரிடம் நாள் கேட்டிருக்கிறார். பிள்ளையை நினைத்தால் பயம். அக்காவைத் துரத்தவும் மனமில்லை. நான் என்ன செய்ய?

உங்கள் தங்கை,
தக்ஷாயினி


சித்தாண்டி
09.06.2025

என் அன்புத் தங்கச்சி தக்ஷா,

உன் கோபம் நியாயம்தான். அவள் இல்லாத அந்த வாசலில் எப்படி நுழைவது என்று தெரியாமல்தான் வரவில்லை.

நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிறவள் சொல்கிறேன், கேள். இரத்தம் உன் முரசிலிருந்துதான், பல்லைப் பிடித்திருக்கும் சதையிலிருந்துதான் வருகிறது. பல்லும் முரசும் சேருமிடத்தில் ஊத்தை படிந்தால் முரசு வீங்கும், தொட்டால் கசியும், வாய் நாறும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இன்னும் கூடும். நீ இரத்தத்தைக் கண்டு பிரஷை விட்டாய், ஊத்தை கூடியது, அதனால் இரத்தமும் கூடியது. எல்லாரும் விடுகிற பிழை இது. மென்மையான பிரஷால் காலையிலும் படுக்க முன்னும் முரசோரம்வரை தீட்டு. இரத்தம் வந்தாலும் விடாதே. கிளினிக் நாளில் பல் டொக்டரிடம் போய்க் கல்லாய் இறுகியதை எடுப்பி, ஐந்தாம் மாதத்தில் அதற்குப் பயமில்லை. கவனியாமல் விட்டால் பல் ஆடும். சிலருக்குப் பிள்ளை முந்திப் பிறக்கவும் கூடும் என்கிறார்கள். காய்ச்சல் கண்டால் மட்டும் பொழுதைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

கலா பிள்ளையைக் கேட்க மாட்டாளடி. நீ பிறந்தபோது என்னோடு விளையாடக்கூட வராமல் உன் ஏணைத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

அன்புடன்,
விதுர்ஷா


தேற்றாத்தீவு
21.07.2025

அன்பின் விதுர்ஷா அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். பல் டொக்டரும் முரசு நோய் என்றுதான் சொன்னார். இரத்தம் குறைந்து குறைந்து இப்போது அடியோடு நின்றுவிட்டது. வாடையும் இல்லை. அம்மா பூசாரியாரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். பிள்ளை நன்றாக உதைக்கிறது. அத்தான் உங்களைக் கும்பிடாத குறை.

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். இரத்தம் வந்த நாட்களில் பயந்தேன். பயந்தபடியே, கிணற்றடியில் உறையைக் கழுவும்போது அக்காவோடு கதைத்தேன். முருங்கை காய்த்ததைச் சொன்னேன், அத்தான் என் கறியைக் குறை சொல்வதைச் சொன்னேன். "என்னில கோவமா அக்கா?" என்றும் கேட்டேன். அவள் செத்தபிறகு அவளோடு கதைத்தது அப்போதுதான். இப்போது கழுவ ஒன்றுமில்லை. பூசாரியார் செய்ய இருந்ததை நீங்கள் செய்துவிட்டீர்கள்.

முந்தநாள் வேண்டுமென்றே பல் தீட்டாமல் படுத்தேன். விடிந்ததும் தலையணையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். உறை வெள்ளையாகவே இருந்தது.

நீங்கள் ஏன் வரவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது. அவள் இல்லாத வீடு இது. நான் இதற்குள்ளேதான் இருக்க வேண்டும்.

தக்ஷாயினி