ஊசி படாத அட்டை

சின்னவளே,

கைவேலை வகுப்பில் உன் பிள்ளைக்கு வாழ்த்து அட்டை செய்கிறேன். மங்கலான கண்ணாடி மாதிரித் தாள். பின்பக்கம் உருண்டைமுனைக் குச்சியால் தேய்த்தால் முன்பக்கம் பூ வெள்ளையாகப் புடைக்கும். என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே, அழுத்தி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

“அவசரப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளுக்கும்” என்றாள் டீச்சர். பிள்ளை எடையைக் கேட்டால் நீயும் “கொஞ்சம் கொஞ்சமாத்தான்க்கா ஏறும்” என்கிறாய்.

நாலாவது தாளில் பூ வந்துவிட்டது.

இனி ஓரம் முழுக்க ஊசியால் குத்தினால் லேஸ் மாதிரி ஆகுமாம். ஊசியை எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறவன் பாதத்தில் ரத்தம் எடுக்க இனிக் குத்த இடமில்லை என்று நீ போனில் சொன்னாயே, கை ஓடவில்லை.

“ஓரம் மொட்டையா இருக்கே, முடிக்கலையா?” என்றாள் டீச்சர்.

“முடிஞ்சிடுச்சு” என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். அட்டையிலாவது அவனுக்கு ஊசி வேண்டாம்.

உன் அக்கா