ஐந்து இஸ்பேடுக்கு என் பதில்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, எழுதி எழுதிக் கிழித்தேன். எங்களோடு வந்து இருங்கள் என்று போன வருஷம் கேட்டாய், இந்த வருஷம் மறுபடி கேட்டாய், இரண்டு தரமும் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். இப்போது, இதுதான்ப்பா கடைசி, இனிமே கேக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்கவும் மாட்டாய், பிடிவாதத்தில் அப்படியே உன் அம்மா.

என் குணம் உனக்குத் தெரியாததில்லை. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர், பதின்மூன்று பேர் ஏறலாம் என்று கம்பெனி சொன்னால் பத்து பேர் என்று பலகை மாட்டச் சொன்னவன். சனிக்கிழமை கிளப்பில் பிரிட்ஜ் ஆடும்போதும் அதே கதைதான், சீட்டைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, எதற்கு வம்பு என்று பாஸ் சொல்லிவிடுவேன். உன் அம்மாவோ பிரசவ வார்டு நர்ஸ், டாக்டர் வந்து சேருமுன் எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கியவள், அவளுக்குச் சீட்டாட்டத்திலா பயம் வரும். டியூட்டி முடிந்து மருந்து வாசனையோடு வந்து என் ஜோடியாக எதிரே உட்காருவாள், நீ மேசைக்கு அடியில் பழைய ஸ்கோர் தாள்களில் படம் வரைந்துகொண்டிருப்பாய். அந்த மேசைக்காலில் நீ பென்சிலால் கிறுக்கிய பூனை இன்னும் இருக்கிறது.

நீ ஆறாவது படித்தபோது கிளப் போட்டியின் கடைசி ஆட்டம் வரை வந்தோம். அன்று நீ அத்தை வீட்டில் இருந்தாய், தோற்றுவிட்டோம் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். எத்தனை பிடி எடுப்போம் என்று பிரிட்ஜில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், ஞாபகம் இருக்கும். உன் அம்மா ஐந்து இஸ்பேடு என்றாள். உங்கள் கையில் கொஞ்சம் சரக்கு இருந்தால் ஆறுக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். ஆறு என்றால் மேலே இன்னும் ஆறு சேர்த்துக் கணக்கு, சொன்னபடி பன்னிரண்டு பிடி எடுத்தால் பெரிய போனஸ், கோப்பை எங்களுக்கு. ஒன்று குறைந்தால் இருப்பதும் போச்சு. என் கையில் ஆர்ட்டின் ஏஸும் டைமண்ட் ராஜாவும் இருந்தன, அதற்கு மேல் என்ன வேண்டும், ஆனாலும் இன்னொரு தரம் எண்ணினேன். பாஸ் என்றேன். அவள் ஆட வேண்டும், நான் டம்மி, என் சீட்டு முழுவதையும் மேசைமேல் விரித்துவைக்க வேண்டும், பயந்ததை ஒளிக்கக்கூட வழியில்லை. ஏஸையும் ராஜாவையும் பார்த்தாள். பிறகு தேங்க்யூ பார்ட்னர் என்றாள். நல்ல கையோ மோசமான கையோ, அதைச் சொல்லாமல் அவள் ஒரு சீட்டைத் தொட்டதில்லை. பன்னிரண்டு பிடியும் எடுத்தாள். முன்னால் சொல்லாத பன்னிரண்டுக்கு ஏது போனஸ், கோப்பை அடுத்த மேசைக்குப் போனது. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள், தோத்தது போகட்டுங்க, நான் கேட்டும் என்னை நம்பலையே நீங்க என்று. பாஸ் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் போனபின் இந்த மூன்று வருஷமாக மருந்துக்கடைக்காரர்தான் எனக்கு ஜோடி. போன சனிக்கிழமை அவர் கேட்டதற்கும் பாஸ் சொன்னேன். சீட்டை விரித்ததும் மனுஷன், இவ்வளவையும் வச்சுக்கிட்டா பாஸ் சொன்னீங்க, என் கடை மாத்திரையை நானே முழுங்கணும் போலிருக்கே சார் என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த தேங்க்யூ காதில் விழாதது எனக்கு என்னவோ போலிருந்தது. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். என்னை நம்பலையே என்று நீ எழுதவில்லை, எழுதாமலே தெரிந்தது.

மறைப்பானேன், இந்த வீட்டையும் அந்த மேசையையும் விட்டு வரப் பயமாக இருக்கிறது. அதைவிட, ஆறு மாதத்தில் நான் உனக்கு அலுத்துப்போய், இருக்கிற பாசமும் போய்விடுமோ என்று பயம், அப்புறம் திரும்பி வர இந்த வீடும் இருக்காது. எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆறு இஸ்பேடு. வருகிறேன் குட்டிம்மா.

என் கையை இப்போதே விரித்துவிடுகிறேன். முழங்கால் வலி, வலது காது மந்தம், குறட்டை, போதாததற்கு உங்கள் கட்டட லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் ஏதாவது நொட்டை சொல்வேன். ஏஸ், ராஜா ஒன்றும் கிடையாது, பேத்தியைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவேன், அவ்வளவுதான். சீட்டை விரித்தபின் டம்மி வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் உன் அடுப்படியில் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆட்டம் உன்னுடையது.

மூன்று பேரும் நீண்ட நாள் நிறைவாக இருங்கள், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பேத்திக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. நான் பெட்டியோடு வந்து நிற்கும்போது, ஏன்ப்பா இப்படி இளைச்சுட்டீங்க என்று அழுது வைக்காதே. முதல் சீட்டைத் தொடுமுன் அம்மா சொல்வதைச் சொல், போதும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா