கதவில்லாத கீழைவாசல்

அன்பிற்குரிய துணைவிக்கு,

நான் நலமே. உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும் என்பதை மறவாதே.

நான் அளவெடுக்கும் கடற்கரைக் கோயிலில், கருவறைக்கு நேர் எதிரே உள்ள கீழைவாசலுக்குக் கதவு கிடையாது. உப்புக்காற்று அம்மனின் முகத்தை அரித்துவிட்டதால், கதவொன்றுக்கு வரைபடம் தரும்படி மேலிடம் பணித்தது. நேற்று நிலைக்கல்லில் அளவுநாடாவை வைத்ததுமே, பூ விற்கும் அம்மாள் சிரித்துவிட்டார்.

"ஏன் சார், கடலுக்குப் போன தன் தம்பி வர்ற வரைக்கும் தொறந்தே கெடக்கட்டும்னு அம்மனே சொல்லியிருக்கா. நீங்க பூட்டு மாட்டி, சாவிய யாருகிட்ட குடுப்பீங்க? மீனுகிட்டயா? முகம் போனா போகுது, அவ பாத்துக்கிட்டுதான் இருப்பா."

கதைகளை வரைபடத்தில் சேர்க்க இயலாது என்றேன். பிறகு குனிந்து நிலைக்கல்லைத் தடவினேன். கதவின் குடுமி சுழல்வதற்கான குழி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கட்டியவர்களே கதவை நினைக்கவில்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது விதிக்குப் புறம்பானது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதன்பின் நெடுநேரம் அந்த வாசற்படியிலேயே கடலைப் பார்த்து அமர்ந்திருந்தேன்.

என் மூக்குக்கண்ணாடி உறை கிழிந்துவிட்டது, வேறொன்று அனுப்பு. மூத்தவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன நாள்முதல் நீ பின்கதவைத் தாழிடுவதில்லை. சென்ற கடிதத்தில் அதற்குப் புதுப் பூட்டுப் பொருத்தச் சொல்லியிருந்தேன். தச்சர் வந்தால், வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிடு.

தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் கணவன்