இறுக்கத்துக்குத் தனி விலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஓர் அலமாரிப் பூட்டு. இரண்டே நிமிடத்தில் திறந்தேன். அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷத்துக்கு முந்நூறா? பகல் கொள்ளையா இருக்கே!"

வேகமாகச் செய்தால் கூலி குறையும் என்கிற நியாயத்தை எவன் கண்டுபிடித்தான்? அதனால்தான் சில வீடுகளில் இருபது நிமிடம் குனிந்து, பெருமூச்சு விட்டு, வியர்வை துடைத்து... எங்கள் பூட்டுக் கடையில் போனும் பில்லும் அக்கா பொறுப்பு. "நடிப்புக்குத் தனி பில் போடட்டுமாடா?" என்கிறாள். விலையை ஒழுங்காக வைக்காவிட்டால் கடை இரண்டு மாதம்கூடத் தாங்காதாம். பூட்டுக்குத் தகுந்த விலை எழுதி ஒரு பலகை மாட்டியிருக்கிறோம்.

மார்ச் 6

பெரிய வீடு. மதியம் மூன்று மணி. மாடியில் ஓர் அறை. "காத்துல அடைச்சிக்குது தம்பி. நீங்க கேக்கறத குடுக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. பூட்டு திரும்பியதும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஐந்நூறு. பேரமே இல்லை.

மார்ச் 13

அதே கதவு. அதே 'காற்று'. எழுநூறு.

உள்ளே மின்விசிறி ஓடியது. காலி அறைக்கு எதற்கு விசிறி? கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் தருகிறாரோ?

மார்ச் 20

பூட்டு இறுகியிருந்தது. கம்பியால் திருப்பினால் மெதுவாகப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. விட்டு விட்டு, மூச்சு விடுவதுபோல. எண்ணெய் விட்டேன், அப்போதும் அப்படியே. முழு பலத்தையும் போட்டேன். சட்டென்று விட்டுக்கொடுத்தது.

ஆயிரம். பலகையில் புது வரி சேர்த்தேன்: பூட்டு இறுகியிருந்தால் தனிக் கட்டணம்.

மார்ச் 21

எண்ணெய் விட்ட பிறகும் இறுகுகிற பூட்டு எது?

மார்ச் 27

கதவு விரலளவு திறந்தது. அவர் என்னைத் தள்ளுவதற்குள் பார்த்துவிட்டேன். பூட்டின் உள்பக்கக் குமிழை இறுகப் பிடித்த ஒரு பெண்ணின் கை. விரல்கள் வெளுத்திருந்தன.

"வீட்டுக்காரிதான். மனசு சரியில்ல. எவ்வளவு?"

ஆயிரத்து ஐந்நூறைக் கையில் திணித்தார். படி இறங்கும்போது அந்தப் பூட்டு மறுபடி பூட்டிக்கொண்டது. இந்தத் தடவை உள்ளே போய்ப் பூட்டியது அவர்.

வாங்கிட்டு வந்துட்டேன். பேசாம வாங்கிட்டு வந்துட்டேன். நாலு தடவையும் நான் திறந்தது பூட்டை இல்ல, அந்தக் கையை. அதுக்கு விலையை வேற ஏத்தியிருக்கேன் —

மார்ச் 28

அக்காவிடம் சொன்னேன். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். காவல் நிலையம் போனோம். "புருஷன் பொண்டாட்டி விஷயம். நீ பூட்டை மட்டும் பாரு" என்றான் ஒருவன். வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "இவங்க விலைப்பலகையை எங்கடா மாட்டி வச்சிருக்காங்க?"

ஏப்ரல் 2

அந்தப் பெரிய வீட்டுக்காரரே கடைக்கு வந்தார், வெறுங்காலோடு. "உள்ளேருந்து வாசலை அடைச்சிட்டா. பின்பக்கமும் அடைச்சிருக்கு. எவ்வளவு வேணா தரேன், வாங்க தம்பி."

அக்கா என்னைப் பார்த்தாள். "போயிட்டு வாடா. அவசரமே இல்ல, நிதானமா செய்."

அவர் வீட்டு வாசல் பூட்டுக்குள் கம்பியை விட்டுத் திருப்பினேன். எதிர்த்துத் திரும்பியது. அதே மூச்சு. இம்முறை நான் விட்டுக்கொடுத்தேன். குனிந்தேன். பெருமூச்சு விட்டேன். வியர்வை துடைத்தேன். பின்னால் நின்று அவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். ரெண்டாயிரம். அஞ்சாயிரம். பத்து.

அரை மணி கழித்து, வீட்டின் பின்புறம் ஒரு டாக்ஸி வந்து நிற்கும் சத்தம். பின்கதவருகே அக்காவின் இருமல். உள்ளே எதிர்ப்பு நின்றது; மெல்லிய காலடிகள் பின்பக்கம் போயின. பூட்டு என் கையில் லேசாகிவிட்டது. ஒரே ஒரு திருப்பு போதும்.

கம்பியைத் துவாரத்துக்குள்ளேயே ஒடித்தேன்.

"மன்னிச்சிடுங்க சார். இது என்னால ஆகாது."

ஏப்ரல் 5

பலகையில் அந்த வரியை அழித்துவிட்டேன். அழித்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது.

அந்த அம்மா அக்காவின் அறையில் இருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். அக்கா தன் அறைக் கதவைத் தானே தட்டிவிட்டு, அவராகத் திறக்கும்வரை வெளியே நிற்கிறாள்.