கால்மாட்டில் சாத்திய மலர்வளையம்

அன்புள்ள மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் சிந்துஜாவும் பேத்தி எழிலும் கடல் தாண்டி இருக்கிற இடத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை நிற்கட்டும். இது சாவு வீடு, அதனால் தலைப்பில் பிள்ளையார் சுழி போடவில்லை, இங்கே நலம் என்று எழுதவும் கை வரவில்லை. நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் ஐந்தாவது படித்த கையால் இதை எழுதுகிறேன், உன் தங்கச்சி கீதாஞ்சலி படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார். உங்கப்பாவை எடுத்த அன்றைக்கு வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஒருத்தரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று உன்னிடம் கதை விடக் கூடாது. நான் இருந்தேன். கீதாஞ்சலி இருந்தாள், மாப்பிள்ளை விமல்ராஜ் இருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அண்ணன், உன் மாமா வேடியப்பன் வந்திருந்தார். உங்கப்பாவின் தம்பி, உன் சித்தப்பா அப்பாதுரை இருந்தார், அவர் பெண்டாட்டி ராஜம்மாள் இருந்தாள். எதிர்வீட்டு சினேகா இருந்தாள். மற்றவர்கள் எல்லாம் தெருப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தவர்கள், அவர்களை நான் சேர்க்கவில்லை.

நீ போனில் கத்தினது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலியா உனக்கு, பெத்த புள்ள நான் இருக்கச்சே பொட்டப்புள்ள கையில கொள்ளி குடுத்திருக்கியே, இனிமே நான் அந்த ஊர்ப்பக்கமே வர மாட்டேன், காரியத்துக்கும் வர மாட்டேன் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய், போட்ட டிக்கெட்டையும் ரத்து பண்ணிவிட்டாய். அம்மா அவசரப்படுத்தினாள் என்று உனக்குச் சொன்னவர் யார் என்றும் தெரியும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணு.

கத்திரி வெயில் கண்ணு, காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்கே குழாயில் கொதிக்கிறது. உங்கப்பா மல்லாட்டைக் கொல்லைக்குப் போய், கடலை முற்றிவிட்டதா என்று பார்த்துவிட்டு மதியம் வந்தார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். நீ உடனே டிக்கெட் போட்டாய், நாளைக்கு விட்டு மறுநாள் விடியலில் மெட்ராஸில் இறங்குவேன் என்றாய். நாளைக்குச் சித்ரா பௌர்ணமி, மலை சுற்ற ஊர் உலகமே வரும், இன்னைக்கே எடுத்துடலாம் அண்ணி என்று அவசரப்பட்டவர் உன் சித்தப்பா. பெரியவன் அப்பன் மொகத்தைப் பார்க்காம யாரும் எடுக்கக் கூடாது, பெட்டி வெச்சிக் காத்துக்கினு இருப்போம் என்று சொன்னவள் நான். இதற்கு என் அண்ணன் சாட்சி, கேட்டுப் பார்.

போலீஸ்காரர்கள் கிரிவலப் பாதையை அடைப்பதற்கு முன்னால் டவுனிலிருந்து ராஜா என்கிற ஆள் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கி வைத்தார். கால்மாட்டில் மோட்டார், தலைமாட்டில் விளக்கு, மேலே கண்ணாடி. கரண்டில் மாட்டின கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மேலே பனி பூத்த மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டது. வந்தவர்கள் முகம் பார்க்க முடியவில்லை என்று சினேகா துண்டு வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடிக்கொண்டது. கண்ணாடியில் கை வைத்தால் மார்கழி மாதத்துக் கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. எனக்கு அதில் ஒரு தைரியம். என் பிள்ளை வருகிற வரைக்கும் இவர் இப்படியே தூங்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பௌர்ணமியன்று காலையில் உன் சித்தப்பா மலர்வளையம் கொண்டுவந்தார். அவர் செயலாளராக இருக்கிறாரே அந்த மல்லாட்டை வியாபாரிகள் சங்கத்தின் பேரில். மாட்டுவண்டிச் சக்கரம் அளவு, பின்னால் தெர்மாகோல் பலகை, குறுக்கே ரிப்பன், ரிப்பனில் உங்கப்பா பேரைவிட இவர் பேர் பெரிசு. தலைமாட்டில் வைத்தால் விளக்கு மறைக்கும், பக்கத்தில் வைத்தால் நாங்கள் உட்கார்ந்திருப்பதில் பேர் தெரியாது என்று கால்மாட்டில் கொண்டுபோய் பெட்டியோடு ஒட்டிச் சாத்தினார், போன் எடுத்து முன்னால் நின்று பின்னால் நின்று போட்டோ பிடித்தார். அப்புறம் ஜன்னலையெல்லாம் சாத்துங்க, குளிரு வெளியே பூடும் என்று அதிகாரம் பண்ணினார். ஜன்னலை சாத்தினார்கள், வாசலுக்குத் திரை போட்டார்கள், உள்ளே எங்கள் ஏழு பேர் மூச்சும் ஊதுபத்திப் புகையும். சாவு வீட்டுக்கு வந்த மனுஷன் தன் பேர் தெரிகிறதா என்று நாலு பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறதை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த மனுஷன்தான் உங்கப்பாவுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் நடந்தபோது பார்க்க வந்து, நோயாளிக்கு வாங்கி வைத்த இளநீரை உட்கார்ந்து குடித்துவிட்டு, தண்ணி கொஞ்சம் உப்பு என்று சொல்லிவிட்டுப் போனவர். நான் மறக்கவில்லை.

பொழுது ஏறினதும் கண்ணாடி தெளிந்தது. பனி இல்லை, முத்துத் தண்ணீர் இல்லை, முகம் பளிச்சென்று தெரிந்தது. இப்பத்தான் அக்கா மாமா மூஞ்சி நல்லா தெரியுது, தூங்கற மாதிரியே கீறாரு என்றாள் ராஜம்மாள். துடைக்கிற வேலையே இல்லை ஆயா என்று சினேகா துண்டை மடித்து வைத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். நானும் தலையை ஆட்டினேன். குளிர் போனதால்தான் கண்ணாடி தெளிந்தது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோணவில்லை. உள்ளே விளக்கு எரிகிறது, அப்போது பெட்டி ஓடுகிறது என்றுதானே நினைப்போம். வெளியே ரோட்டில் மைக் செட்டில் சிவ சிவா என்று காது கிழிகிறது, மோட்டார் சத்தம் நின்றது யாருக்குக் கேட்கும். ராஜம்மாள் ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தினாள். ஏன் இத்தனை என்றேன். லேசா வாடை வருது என்று சொல்லிவிட்டு செண்ட் பாட்டிலை எடுத்து பெட்டி மேலேயே அடித்தாள், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. உன் சித்தப்பா சொல்கிறார், அது ஒண்ணும் இல்ல, சம்மங்கி வாடினா அப்படித்தான் நாறும், கம்முனு இருங்க. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சொல்கிறார்! பூ வாடை என்றால் மூக்கை ஏன் பொத்த வேண்டும்? தூ.

ஈ வந்தது. கண்ணாடி ஓரத்தில் ஒன்று, ரெண்டு, அப்புறம் கூட்டம். நான் எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். சோறு வடித்துக் கவிழ்த்த பானை மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. அண்ணா, பெட்டி செத்துப்போச்சு என்று கத்தினேன். வேடியப்பன் அண்ணன் ஓடிவந்து அந்த மலர்வளையத்தைப் பிடுங்கினார். பின்னால் இருந்து வந்த அனல் செங்கல் சூளை வாய் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. தெர்மாகோல் இளகி மோட்டார் வலையில் அப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் உன் சித்தப்பா, அதை ஏன் மாமா நவுத்தறீங்க, சங்கத்து ஆளுங்க வந்தா எங்கே வளையம்னு கேப்பாங்க என்கிறார்.

நீ போன தடவை லீவில் வந்து நம் வீட்டு ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தபோது எனக்குச் சொன்னாய், ஃப்ரிட்ஜு குளிரைச் செய்யறது இல்லம்மா, உள்ளே இருக்கற சூட்டை எறைச்சி வெளியே கொட்டுது, அவ்ளோதான் என்று. அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இந்தப் பெட்டி முன்னால் நின்றபோது புரிந்தது. கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு இறைக்கிறோம், வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும், திரும்பக் கிணற்றுக்குள்ளேதான் விழும், கடைசியில் மோட்டாரும் புகையும். உங்கப்பா உடம்பிலிருந்து இறைத்த சூட்டை அந்த மனுஷன் பேர் போட்ட ரிப்பன் திருப்பி அவர் மேலேயே கொட்டியிருக்கிறது. சாத்தின ஜன்னலும் சேர்ந்து கூடமே அடுப்பாகியிருக்கிறது.

ராஜாவுக்குப் போன் போட்டோம். மோட்டார் சூடாகி தானா நின்னிருக்கும்மா, ஆற வெச்சிப் போடுங்க, வேற பெட்டி எடுத்துக்கினு வரலாம்னா டவுனு முனையிலேயே வண்டியை நிறுத்திட்டாங்க, ஆம்புலன்ஸைத் தவிர ஒண்ணும் உடல என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். ஜன்னலைத் திறந்தோம், விசிறியைப் போட்டோம், மோட்டார் ரெண்டு தரம் ஓடிப் பார்த்தது, ரெண்டு தரமும் நின்றது. மாப்பிள்ளையும் வேடியப்பன் அண்ணனும் மலை சுற்றுகிற கூட்டத்துக்குள் புகுந்து ரோஸ்மில்க் கடை கடையாக ஐஸ் கட்டி கேட்டார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் உறிஞ்சிக்கொண்டு நிற்க, என் அண்ணன் இந்த வயதில் சாக்கில் ஐஸைக் கட்டித் தோளில் சுமந்து ஓடிவந்தார், வழியிலேயே பாதி கரைந்து அவர் சட்டையில் ஓடியது. வைத்த ஐஸெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீராகிவிட்டது. பெட்டிக்கு அடியில் வடிந்த தண்ணீரின் நிறத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். அதைப் பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராக நழுவினார்கள். கீதாஞ்சலி ஒருத்திதான் தன் புடவையைக் கிழித்து அப்பன் வாயையும் மூக்கையும் துடைத்தாள், முகம் சுளிக்காமல் துடைத்தாள்.

முகம் மாற ஆரம்பித்தது கண்ணு. எடுக்கலாம் என்று சொன்னவள் நான்தான், அதை நான் மறைக்கவில்லை. நீ சின்ன வயதில் எந்தத் தோளில் உட்கார்ந்து தீபம் பார்த்தாயோ அந்த மனுஷனின் முகத்தை நீ அப்படிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சாகிற வரைக்கும் உனக்கு அந்த முகம்தான் நிற்கும், எனக்கு இப்போது நிற்கிறது. பொறுக்க முடியாமல் எடுக்கவில்லை, உனக்காக எடுத்தேன். ரோட்டில் கூட்டம் என்று கொல்லைப் பக்கம் வரப்பு மேலேயே தூக்கிக்கொண்டு போனோம். உன் சித்தப்பா வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு கொள்ளிக்குத் தயாராக நின்றார். நான் அந்தக் கையில் நெருப்பைக் கொடுக்கவில்லை. பொம்பள புள்ள கொள்ளி வெக்கறதா, ஊரு சிரிக்கும் அண்ணி என்றார். ஊரு மூக்கைப் பொத்திக்கினு ஓடியாச்சி, சிரிக்க எவன் இருக்கறான் என்று சொல்லிவிட்டுத் துடைத்த கையிலேயே கொடுத்தேன். உன் உரிமையை உன் தங்கச்சி பிடுங்கவில்லை, காப்பாற்றி வைத்தாள்.

இதுவரைக்கும் நடந்ததைக்கூட அறிவு கெட்ட தனம், பேராசை என்று விட்டிருப்பேன். ஆனால் நீ அன்றைக்குக் கத்தும்போது இடையில் ஒன்று சொன்னாய். சித்தப்பாகிட்ட ராத்திரியே படிச்சிப் படிச்சி சொன்னேனே, கால்மாட்டுப் பக்கம் ஒண்ணும் வெக்காதீங்க, சூடு அங்கதான் வெளியே வரும், ஜன்னலைத் தெறந்து வையுங்கன்னு, அதைக்கூட செய்யலியா நீங்க என்றாய். நீ சொன்னது எங்கள் ஒருத்தர் காதுக்கும் வரவில்லை. சொன்ன இடம் தப்பில்லை, உனக்கு அவர் போன்தான் கிடைத்தது. மறுநாள் அவர் டிபன் சாப்பிட வந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டேன். இட்லியை விழுங்கிக்கொண்டே சொல்கிறார், சாவு ஊட்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான் அண்ணி, அதையெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு இருக்க முடியுமா? அப்போ நான் அவசரப்படுத்தினேன்னு புள்ளகிட்ட ஏன் சொன்னே என்றேன். எடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க, அதைத்தான் சொன்னேன், பொய்யா சொன்னேன் என்கிறார். இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்து என்று கீதாஞ்சலியிடம் தட்டை நீட்டினார். எனக்கு அன்றைக்கு வந்த வாடையைவிட அந்த நிமிஷம்தான் அருவருப்பு.

சாம்பலை இன்னும் கரைக்கவில்லை, மண் கலயத்தில் கட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். நான் கரைச்சிட்டு வரேன் அண்ணி என்று அவர் தினம் கேட்கிறார், கொடுக்கவில்லை. அது உன் கைக்குத்தான். பதினாறாம் நாளுக்கு முன்னால் வந்து சேர். மெட்ராஸில் இறங்கினால் காரோடு நிற்பேன் என்று உன் சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிகிறார், ஏறாதே, பஸ்ஸில் வா, பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை நிற்பார். வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொள், வழியில் கண்ட ஐஸ் தண்ணீரைக் குடிக்காதே. என் மேல் இருக்கிற கோபத்தைச் சிந்துஜா மேல் காட்டாதே, எழிலுக்குத் தாத்தா எப்படிப் போனார் என்று சொல்ல வேண்டாம், தூங்கினார் என்று சொல். நீங்கள் மூவரும் குறைவில்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் துணையாக நெடுங்காலம் வாழ வேண்டும் என்று உங்கப்பா இருந்த இடத்தில் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். நீ என் மேல் கத்தினதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன்.

இப்படிக்கு உன் வரவைப் பார்த்து வாசலில் இருக்கும் அம்மா,
கன்னியம்மாள், அடி அண்ணாமலை.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. காரியத்தன்று அவருக்கும் இலை போடுவேன், பசியோடு யாரையும் அனுப்ப மாட்டேன். ஆனால் எனக்கும் ஒரு நாள் அந்தப் பெட்டி வரும். ராஜம்மாள் வரலாம், நழுவிப் போன ஊர்க்காரர்கள் எல்லோரும் வரலாம். ஒரே ஒரு ஆள் என் வாசற்படி தாண்டக் கூடாது, நீ குறுக்கே நிற்க வேண்டும், அப்பாதுரை.