வலது பக்கம் ஒரு விரல் உயரம்

என் அருமைக் குண்டு மச்சான் தணிகைக்கு,

உன் வீட்டுக் கூடத்துப் படத்தில் உன் பெயருக்கு முன்னால் ‘உயர்திரு’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. ஊருக்கு நீ எப்படியோ, எனக்கு என்றைக்கும் குண்டு மச்சான்தான்.

நீ நலமா என்று கேட்க முடியாது. என்னைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மாதமாக எனக்கு வயிற்றெரிச்சல். மருந்து கடையில் கிடைக்காத வகை. உன் ஜீப்புக்கு அடியில் வேறொருவன் மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்த அன்றைக்குத் தொடங்கியது.

பன்னிரண்டு வருடம் மச்சான். நீ பாகூரில் கரும்புக்காரன், நான் அங்கேயே டிராக்டர் மெக்கானிக். நீ அந்தப் பழைய ஜீப்பை வாங்கி வந்த அன்றும் எனக்குப் பொறாமைதான். எத்தனை வண்டியின் வயிற்றைக் கழற்றி மாட்டினேன், எனக்கென்று ஒன்று வாய்த்ததா? ஆனால் ஒரே வாரத்தில் அது ஆறிப்போனது. வண்டி ஓட்டும் சீட் உனக்கு, வண்டிக்கு அடியில் இருக்கும் இடம் எனக்கு என்று ஆகிவிட்டது. வேறு எவன் கையும் அதில் பட நீ விட்டதில்லை.

நம்முடைய பெரிய திட்டம் நினைவிருக்கிறதா? கரும்பு டிராக்டர் போய்ப் போய் உன் கழனிப் பாதையில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு தடம் விழுந்து கிடக்கும். நடுவில் முதுகெலும்பு போல மண்மேடு. ஜீப்பு அதில் போனால் கியர் பாக்ஸின் அடி தேய்ந்து கத்தும். ஸ்பிரிங் பட்டைகளின் வளைவை ஏற்றி வண்டியை இரண்டு இஞ்ச் தூக்க வேண்டும், பெரிய டயராக முப்பத்தொரு இஞ்ச் போட வேண்டும் என்பேன் நான். நான்கு இஞ்ச் தூக்கலாம் என்பாய் நீ. நான்கு தூக்கினால் உன்னை ஏற்ற ஏணி வேண்டும் என்பேன். காணும் பொங்கலுக்குக் காணும் பொங்கல் இதே சண்டை. ஒரு வருடம்கூட டயர் வாங்கவில்லை. சண்டை தீர்ந்துவிடும் என்று நாம் இருவரும் பயந்தோமோ?

போன ஆடியில் நீ போய்விட்டாய். இப்போது அந்தத் திட்டத்தை உன் மகள் கௌசி கையில் எடுத்திருக்கிறாள். கழனியை அவள்தான் பார்க்கிறாள். மழைக்கு முன்னால் ஜீப்பைத் தூக்கி, டயர் மாற்றிவிட வேண்டுமாம். அதற்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. வில்லியனூரிலிருந்து தினேஷ் என்று ஒருவனை வரவழைத்திருந்தாள்.

தினேஷுக்கு முப்பது வயது இருக்கும். கையில் கறுப்பு உறை. சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. சிவப்புக் கோடு போடும் கருவியை வைத்து அளக்கிறான். போனை ஒரு கம்பியில் மாட்டித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்கிறான். உன் மகளை மேடம் என்கிறான். அவனிடம் தப்பாக ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

தற்செயலாக அந்தப் பக்கம் போவது போலப் போய் வேலி ஓரமாக நின்றேன். உன்னிடம் பொய் எதற்கு? அதற்காகவே பேன்ட் மாற்றிக்கொண்டு போனேன். தினேஷ் நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை அளந்தான். பின்னால் வலது பக்கத்தைத் திரும்பத் திரும்ப அளந்தான். பட்டைகளை விரல் வைத்து எண்ணினான். பிறகு எழுந்து கையுறையைக் கழற்றினான்.

“மேடம், டிரைவர் சைடு ஒரு விரல் தூக்கினு இருக்கு. ரெண்டு பக்கமும் ஏழு பட்டைதான், ஸ்பிரிங்ல பிரச்சனை இல்ல. சேஸ்தான் முறுக்கினு இருக்கும். இது மேல லிஃப்ட் போட்டா வண்டி நேரா ஓடாது.”

எனக்கு உள்ளே சிரிப்பு பொங்கியது மச்சான். வண்டியின் எலும்பான அந்தச் சேஸ் அம்பு போல நேராக இருக்கிறது. அந்த ஒரு விரல் உயரம் எதனால் வந்தது என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் படத்தில் இருந்தான். இன்னொருவன் வேலி ஓரமாக நின்றான்.

நூற்றுப் பதினெட்டுக் கிலோவோடு நீ ஏறி உட்கார்ந்தால் வண்டி வலது பக்கம் சாய்ந்து போகும். கடைத்தெருவில் எவனோ கேலி பேசினான் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாய். “இன்னா பண்ணுவியோ, வெளிய தெரியக் கூடாது மச்சான்” என்றாய். ஒரு பட்டை கூட்டிப் போட்டால் எண்ணுகிறவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் வலது பக்கத்தில் ஒன்றை உருவிவிட்டு, பழைய டெம்போ ஒன்றின் தடித்த பட்டையை அளவுக்கு வெட்டி அந்த இடத்தில் சொருகினேன். எண்ணிக்கை ஏழேதான். மேலே சேறு அப்பினேன். நீ ஏறி உட்கார்ந்தாய், வண்டி மட்டமாக நின்றது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு!

உன் காரியத்தன்று அந்த ஜீப்பைப் பார்த்தேன். சீட்டில் நீ இல்லாமல் வலது பக்கம் ஒரு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டில் அத்தனை பேர் அழுதார்கள், எனக்கு அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் போகவே முடியவில்லை.

தினேஷ் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. விழிக்கட்டும், போனில் படம் எடுத்துப் போடட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சந்தையில் உன் வீட்டுக்காரி சுமதியைப் பார்த்தேன். “அண்ணே, வண்டிக்கு எலும்பே கோணிப்போச்சாம். நாளைக்கு பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துனு போறான். அவரு போனாரு, அதுவும் போவட்டும்” என்றாள். வாங்கிய கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு உன் வீட்டுக்கு ஓடினேன்.

கௌசி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். அனுப்பப் போகிற வண்டியை எதற்குக் கழுவுகிறாள்? எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையைச் சொன்னேன், வேலி ஓரம் நின்றதையும் சொன்னேன். அவள் குழாயை நிறுத்தவில்லை.

“தெரிஞ்சேதான் சும்மா நின்னீங்களா மாமா?”

“அவன எதுக்கும்மா கூப்ட்ட? நான் இன்னா செத்தா போயிட்டேன்?”

“எட்டு மாசமா வூட்டுப் பக்கம் வந்தீங்களா? மூணு தடவ போன் அடிச்சேன், எடுத்தீங்களா? எனக்கு அப்பா மட்டும்தான் போனாருன்னு நெனச்சீங்களா?”

சொல்லிவிட்டு அழுதாள். நான் போய்க் குழாயை நிறுத்தினேன். இத்தனை நாள் என் இடத்தை எவனோ பிடித்துக்கொண்டான் என்று எரிந்தேனே, அந்த இடத்தைக் காலியாகப் போட்டுவிட்டு வந்தவன் நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், ஒன்பது வருடமாக அலமாரியில் எண்ணெய் தடவி வைத்திருந்த உன் வண்டியின் சொந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு போனேன். கௌசி இரும்புக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தினேஷை வரவழைத்திருந்தாள். இருவரும் ஒரே வண்டிக்கு அடியில் படுத்தோம். டெம்போ பட்டையைப் பார்த்ததும், “அண்ணே, இன்னா வேலைண்ணே இது! எண்ணிப் பாத்தும் ஏமாந்துட்டேனே” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன்மேல் இருந்த எரிச்சலில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை.

உன்னைத் தாங்கிய அந்த டெம்போ பட்டையை உருவிவிட்டு, வண்டியின் சொந்தப் பட்டையை மாட்டினேன். வண்டி மெல்ல இறங்கி மட்டமானது. நீ இல்லாமலே மட்டமானது மச்சான். அதைப் பார்க்க நன்றாகவும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை.

பட்டைகளின் வளைவை ஏற்றி இரண்டு இஞ்ச் தூக்கினோம். ஷாக் நீளமானது போட்டோம், பிரேக் ஹோஸும் நீளமானது. முப்பத்தொரு இஞ்ச் டயர் திருப்பத்திலும் மட்கார்டில் உரசவில்லை. நான் சொன்ன இரண்டுதான் சரி, இப்போதாவது ஒப்புக்கொள்.

கௌசி என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கழனிப் பாதையில் விட்டாள். நடுமேடு காய்ந்து கல்லாகக் கிடந்தது. அடியில் ஒரு சத்தம் இல்லை. உன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். வரப்பு ஓரம் நிறுத்தி இறங்கி, நான் உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்த்தாள்.

“மாமா, வண்டி எடது பக்கம் சாயுது. எம்மாம் வெயிட்டு ஆயிட்டீங்க?”

நான் தொப்பையை உள்ளே இழுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பாவுக்குப் போட்ட டெம்போ பட்டைய தூக்கிப் போட்டுடாதீங்க. அத இந்தப் பக்கம் மாட்டச் சொல்லப் போறேன்.”

மாட்டியாகிவிட்டது. தினேஷ்தான் மாட்டினான், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். உன்னைத் தாங்கிய இரும்பு இப்போது என் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. நான் ஏறி உட்காராவிட்டால் உன் ஜீப்பு இடது பக்கம் ஒரு விரல் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

அதை அப்படி நிற்க விடமாட்டேன் மச்சான்.

உன் பாரத்துக்குப் பாரமாக,
உன் மச்சான், கௌசியின் மாமன்
பரசு