இடது பக்கத்துச் சக்கரம்

பட்டறை,
செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.

தம்பிக்கு,

உன்மேல் இன்னும் கோபம் தீராத அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கவே கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை. சௌக்கியமா? வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? போர்வை எடுத்துப் போனாயா, இல்லை வண்டி நினைப்பில் அதையும் மறந்து தொலைத்தாயா?

மலை மருத்துவ முகாமில் போன் எடுக்காது என்று நீ கிளம்பிய பிறகு உன் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரிந்த உனக்கு, கூடப் பிறந்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை பார். சரக்கு லாரி ஓட்டுகிற மீசைக்காரர் வாரத்துக்கு ஒரு நடை அங்கே அரிசியும் மருந்தும் ஏற்றி வருகிறாராம். இனிமேல் நமக்கு அவர்தான் தபால்காரர்.

உன் வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள். கால் வீக்கம் மட்டும் வடியவில்லை. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். இவளா படுப்பாள்? நான் பட்டறைக்குக் கிளம்பினதும் எழுந்து வீட்டைப் பெருக்குகிறாள். கேட்டால், இல்லவே இல்லை அண்ணி என்று சாதிக்கிறாள். அப்படியானால் துடைப்பம் தானாக நடந்து மூலை மாறியிருக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் இருக்கிறவளை அதட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் கத்தினேன், வாஸ்தவம். நீயே சொல், எனக்கு எரியுமா எரியாதா? நம் ஜீப்புக்கு, அதுதான் உன் செல்ல எருமைக்கு, முன்பக்கம் இவ்வளவு வேலை செய்தோமே, எதற்கென்று ஒரு வார்த்தை சொன்னாயா? ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பாறையில் ஏற்றி விளையாடத்தான் என்று நினைத்தேன். வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றினோம். உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக் போட்டோம். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையை விடாமல் பிடிக்க வேண்டும், அந்தரத்தில் சுற்றக் கூடாது என்றாய். எப்போதும் போல இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. ஜாக்கியில் தூக்கி இடது சக்கரத்தைத் தொங்கவிட்டபோது முன்னைவிட ஒரு சாண் அதிகமாக இறங்கியதே, பைத்தியக்காரி மாதிரி கைகூடத் தட்டினேனே! அப்போதும் வாயைத் திறக்கவில்லை. டீ குடிக்கும்போது சாவகாசமாக, மழைக்காலம் முழுக்க மேலே இருக்கிற ஊர்களிலிருந்து நோயாளிகளை இறக்கிக் கொண்டுவரும் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று என்கிறாய். பிள்ளைத்தாய்ச்சியை என்னிடம் விட்டுவிட்டு!

அந்த ஆத்திரத்தில்தான், இந்த வண்டியை இனித் தொடமாட்டேன், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். போகும்போது இன்னொரு வார்த்தையும் சொன்னேன். போனால் திரும்பி வராதே என்று. அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆனாலும் விடிந்ததும் மனசு கேட்காமல் உனக்கு முன்னால் பட்டறைக்கு வந்து என் பக்கத்துச் சக்கரத்தின் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். நீ வந்தாய், பார்த்தாய். நான் பேசவில்லை. நீயும் பேசவில்லை. போய்ட்டு வரேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயிலிருந்து.

ஒன்று மட்டும் கேள். ஸ்டெபிலைசர் இல்லாத வண்டி வளைவில் சாயும். பாறையில் சாதுவாகப் போகிறதே என்று தார் ரோட்டில் அழுத்தாதே. ஆள் ஏறியிருக்கும்போது இன்னும் மெதுவாக.

நீ விட்டுப்போன உன் பெட்டியிலிருந்துதான் ஸ்பேனர் எடுத்து வேலை செய்கிறேன். நன்றாகத் தேயட்டும். என் பெட்டியைத் திறக்கவே இல்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று மீசைக்காரரிடம் விவரமாக எழுதிக் கொடுத்தனுப்பு. வண்டியைப் பற்றித்தான் கேட்கிறேன், உன்னைப் பற்றி இல்லை.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா.


பட்டறை,
அடுத்த வாரம். அவசரம்.

தம்பி,

முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே வண்டியை நிறுத்து. யார் ஏறியிருந்தாலும் இறக்கிவிடு. இடது முன் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய், அந்த ஹோஸ் பழையது. குட்டை. அதை யாருமே மாற்றவில்லை. நீளமான புது ஹோஸ் இந்தக் கடிதத்தோடு இருக்கிற பொட்டலத்தில் இருக்கிறது. அதை மாட்டாமல் ஒரு அடிகூட வண்டியை எடுக்காதே.

என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், பதறிக்கொண்டுதான் எழுதுகிறேன். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சொல்லாவிட்டால் நீ நம்பாமல், அக்கா சும்மா பயப்படுகிறாள் என்று சிரித்துவிட்டுச் சாவியைத் திருகுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நேற்று சாயந்திரம் உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். எருமை எங்கே விட்டாலும் நாலு காலையும் ஊன்றி ஏறுகிறது, முன்பு மாதிரி சக்கரம் அந்தரத்தில் சுற்றுவதே இல்லை என்று எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஓடையில் இறங்கும் இடத்தில் இடது சக்கரம் முழுக்கத் தொங்கும்போது மட்டும் டக் என்று ஒரு சத்தம் வருகிறது, அது உன் பக்கம்தானே, நான் வந்ததும் நீயே பார்த்துக்கொள் என்று கேலி வேறு. கடைசியில் ஒரு வரி. தொடமாட்டேன் என்று சொன்னவள் விடியற்காலையில் ஸ்பேனரோடு இடது சக்கரத்தின் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன், உன் பக்கத்து வேலையை நீ முடித்துவிட்டாய், எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய்.

உன் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்த வரி இடித்தது. எந்த வேலையை முடித்தேன்? நட்டைத்தானே இறுக்கினேன்?

உன் மாமாவைக் கேட்டேன். நான் கத்திவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி, வாங்கச் சொல்லியிருந்த புது ஹோஸ் ரெண்டும் வந்த பிறகு நீ அவரைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லி, குழாயில் புகுந்த காற்று போக ஏர் எடுத்தாயாம். ஒரு சக்கரத்துக்கு மட்டும். இன்னொன்றை அக்கா வந்து செய்வாள், அவள் வராமல் இருக்கமாட்டாள் என்றாயாம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், நடுவில் நான் எதற்கு என்று நினைத்தேன் என்கிறார். நல்ல மனுஷர்! ஊர்ச் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்துக்குப் போகிறவருக்கு வீட்டுச் சண்டையில் மட்டும் வாயில் பூட்டு.

ஓடினேன் பட்டறைக்கு. காலில் ஒன்று என் செருப்பு, ஒன்று அவர் செருப்பு. என் பெட்டியைத் திறந்தால் மேல் தட்டிலேயே இருக்கிறது. கவர்கூடப் பிரிக்காத ஹோஸ், பக்கத்தில் ரெண்டு செம்பு வாஷர். நான் வந்ததும் கண்ணில் படட்டும் என்று நீ வைத்துவிட்டுப் போனது. அடப்பாவி, என்னோடு சமாதானம் பேச உனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? நான்தான் வீம்புக்கு அந்தப் பெட்டியைத் தொடவே இல்லையே!

நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்ததால், ரெண்டு பக்கமும் நீ மாற்றியிருப்பாய் என்று நான் நினைத்தேன். ஸ்பேனரோடு நின்றதைப் பார்த்து, நான் மாற்றிவிட்டேன் என்று நீ நினைத்தாய். இத்தனை வருஷமாக நீ என் பக்கத்தை எட்டிப் பார்த்ததும் இல்லை, நான் உன் பக்கத்தை எட்டிப் பார்த்ததும் இல்லை. பார்த்தால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம் என்று ரெண்டு பேருக்கும் ஒரு ரோஷம். என்ன பெரிய ரோஷம், போ.

சக்கரம் ஒரு சாண் அதிகமாக இறங்கியதே, அப்போது பழைய ஹோஸைக் கழற்றிக் கம்பியில் கட்டி வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் தடங்கல் இல்லாமல் இறங்கியது. இது எட்டாது, நீளமாக வாங்க வேண்டும் என்று சொன்னதும் நான்தான். புதுசு வரும்வரை வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று பழையதையே மறுபடி மாட்டிச் சக்கரத்தைப் போட்டதும் நான்தான். சமதளத்தில் நிற்கும்போது அது தொளதொள என்றுதான் தொங்கும், ஒன்றும் தெரியாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்தான் விறைக்கும். ஓடையில் கேட்கிற டக் அதுதான், தம்பி. ஸ்பிரிங் இல்லை. ஹோஸ் கடைசி வரைக்கும் இழுபட்டு நிற்கிற சத்தம். நீ ஓடையைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் அது இழுபடுகிறது. ஒரு தடவை அறுந்தால் ஆயில் முழுக்கப் போய்விடும், மிதித்தால் மிதி தரையைத் தொடும். இறக்கத்தில் போகும்போது, பின்னால் ஒரு நோயாளியைப் படுக்க வைத்துக்கொண்டு... இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

நானே கிளம்பி வந்திருப்பேன். லாரியில் இடமும் கேட்டுவிட்டேன். ஆனால் காலையிலிருந்து உன் வீட்டுக்காரிக்கு இடுப்பில் லேசாக வலி. இது அந்த வலி இல்லை அண்ணி என்கிறாள். அவளுக்கென்ன தெரியும், எனக்கென்ன தெரியும்? ஆஸ்பத்திரிக்கு வண்டி கூட்டிவர உன் மாமா போயிருக்கிறார். அவளிடம் ஹோஸ் விஷயம் மூச்சு விடவில்லை. பொட்டலத்தில் என்ன என்று கேட்டாள், ஸ்பேர் சாமான் என்றேன். கடிதத்தில் அடியில் ரெண்டு வரி இடம் விடுங்கள், நானும் எழுதுகிறேன் என்றாள். காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, இங்கே பட்டறையில் வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எழுத நினைத்ததை நான் கெடுத்துவிட்டேன். நீயே கேட்டுத் தெரிந்துகொள்.

அதனால் இந்த ஒரு தடவை என் பக்கத்தையும் நீயே செய். சோறு வேகிற நேரம்கூட ஆகாது. பழைய வாஷரைப் போடாதே, புதுசு ரெண்டும் இருக்கிறது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து மாட்டு. ஏர் எடுக்கும்போது மிதிக்க ஆள் இல்லையென்றால் முகாமில் இருக்கிற நர்ஸம்மாவை உட்கார வை, வெட்கப்படாதே. முடிந்ததும் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஹோஸ் இழுக்கக் கூடாது. அப்புறம் வலது பக்கத்தையும் அதே மாதிரி பார். நீ செய்ததுதான், இருந்தாலும் பார். ரோஷப்படாதே.

அவசரக் கேஸ் என்று யாராவது வந்து நின்றால், ஒரே ஒரு நடை போய் வந்து மாட்டிக்கொள்கிறேன் என்று தோன்றும். தோன்றட்டும், எடுக்காதே. தூக்குக் கட்டிலில் நாலு பேராகச் சுமந்து இறக்குங்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள், எடுக்காதே.

மீசைக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். நேற்று மழையில் பாதி வழியில் மண் சரிந்து கிடக்கிறதாம். லாரி போகாவிட்டால் இறங்கி நடந்தாவது கொடுத்துவிடுகிறேன் என்று பொட்டலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அவரைத்தான் நம்பியிருக்கிறேன். இந்நேரம் நீ ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறாயா, அந்தப் பக்கமா? இறங்கிக்கொண்டிருக்கிறாயா?

திரும்பி வராதே என்று சொன்னேனே, அந்த வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. காது கேட்காத மாதிரி இருந்துவிடு. பத்திரமாக இரு. உன் குழந்தையை நீ வந்துதான் தூக்க வேண்டும். அதுவரை நான் தூக்கி வைத்திருப்பேன், ஆனால் நீ வர வேண்டும்.

கழற்றின பழைய ஹோஸை மீசைக்காரரிடம் கொடுத்தனுப்பு. பதில் எழுத நேரமில்லையென்றால் வேண்டாம். என்மேல் கோபமிருந்தால் ஒரு வரிகூட வேண்டாம். அந்த ஹோஸ் மட்டும் என் கைக்கு வரட்டும். அது வருகிற வரைக்கும் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் நான் வாசலில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
போய்ட்டு வா என்று அன்றைக்குச் சொல்லாத
அக்கா.